அடிச்சா அடங்குவானா டாக்டர்?

"டாக்டர் ஐயா, இவனுக்கு ஏதாச்சும் சூரணம் குடுங்க, லேகியம் குடுங்க, என்ன வேணா குடுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவன் ஒரு இடத்துல உக்காந்து நான் பாத்துட்டா போதும்!"

மார்க்கையன்கோட்டையில் இருக்கும் என் வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவர் சொல்லி முடிப்பதற்குள் பையன் கல்வத்தில் கிடந்த குழவியை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டான். அது போய் அலமாரியில் 'டங்'கென்று இடித்தது. எடை பார்க்கும் மெஷினில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். திரிகடுகு சூரண டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து ஐந்து தடவை தும்மினான். தும்மிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தான் பாருங்கள்... எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

பையனுக்கு 9 வயது. நான்காம் வகுப்பு. (இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

புகார்ப் பட்டியல் நீண்டது. ஸ்கூல் நோட்டில் எந்தப் பாடமும் பாதிக்கு மேல் இருக்காது. மாதம் மூன்று பென்சில் டப்பா தொலைகிறது. டீச்சர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறான், அதுவும் வேறு கேள்விக்கான பதில்! வரிசையில் நிற்க மாட்டான். பக்கத்துப் பையனைச் சீண்டுவான். கடைக்குப் போய் அரைக் கிலோ உளுந்து வாங்கி வரச் சொன்னால் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நாய்க்குட்டியோடு வருவான். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் ராட்டினத்தைப் பார்த்து ஓடியவனைக் கண்டுபிடிக்க மைக்கில் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஜூனில் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது.

"குச்சனூர் போய் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட்டாச்சு, தாயத்தும் கட்டியாச்சு. தாயத்தையும் தொலைச்சிட்டான்யா!"

நாடி பார்க்கலாம் என்று சட்டையைத் தளர்த்தச் சொன்னபோதுதான் கவனித்தேன். முதுகிலும் கெண்டைக்காலிலும் வரிவரியாகத் தழும்பு. சில பழசு, சில புதுசு.

"யாருப்பா அடிச்சது?"

"எங்கப்பா. புளியம்விளாரு." ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோல் சொன்னான். அடுத்த மூச்சில், "டாக்டர், இந்த மெஷின்ல எத்தனை கிலோ வரைக்கும் ஏறலாம்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "முன்னயெல்லாம் அடிச்சா அழுவான். இப்ப அழறதும் இல்லைங்க."

சேட்டை செய்கிற எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். அடி வாங்கியும் அழாத பிள்ளையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

எல்லாச் சேட்டையும் நோயா?

இல்லவே இல்லை! நாலு வயதுப் பிள்ளை சோபாவில் குதித்தால் அது நோயில்லை, ஆரோக்கியம். ஓடி ஆடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால்தான் டாக்டரைத் தேட வேண்டும். ஆனால் ஓயாத துறுதுறுப்பு, யோசிக்காமல் சட்டென்று செய்துவிடுகிற அவசரம், ஒன்றில் மனது நிலைக்காமல் போவது, இவையெல்லாம் வயதுக்கு மீறி இருந்து, 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் ஆக இரண்டு இடத்திலாவது வாழ்க்கையைக் கெடுத்தால், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி. தமிழில் 'கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு' என்கிறார்கள். பெயரே மூச்சு வாங்குகிறது!

'வீட்டிலும் பள்ளியிலும்' என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் மட்டும் சேட்டை, வீட்டில் தங்கக்கம்பி என்றால், கோளாறு பள்ளியில் இருக்கலாம். வீட்டில் மட்டும் சேட்டை, பள்ளியில் நல்ல பிள்ளை என்றால்... சரி, அதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது செல்போன் வந்த பிறகு முளைத்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் எந்தக் குறையும் இல்லாமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள மட்டும் முடியாத பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் சபையில் விரிவாகப் பேசியிருக்கிறார். செல்போன் அதிகமானால் கவனமும் தூக்கமும் கெடும், மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு வேர் அது அல்ல.

உலக அளவில் 100 பிள்ளைகளில் 5 பேருக்கு இது இருக்கலாம் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு. நம் பக்கத்துக் கணக்கு வேண்டுமா? கோயம்புத்தூர் மாவட்டத்தில் 4 பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளைப் பரிசோதித்து, 2013-ல் ஒரு ஆய்வு வெளியானது. 100-க்கு 11 பேருக்கு மேல்! நான்கு பள்ளிகளில் எடுத்த கணக்கை ஊர் முழுக்கப் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் அதில் இரண்டு பேராவது இப்படி இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார்கள் தினமும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய 'உருப்படாதவர்கள்' பலர் யார் என்று இப்போது புரிகிறதா?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஆட்டம் பாட்டம் இருக்காது. ஜன்னலைப் பார்த்தபடி கனவில் இருப்பார்கள். கொடுத்த வேலையைப் பாதியில் விடுவார்கள், பொருளைத் தொலைப்பார்கள். 'மந்தம்', 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிக்கொண்டு யார் கண்ணிலும் படாமலேயே வளர்ந்துவிடுவார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை என்பதால் யாரும் வைத்தியரிடம் கூட்டி வருவதுமில்லை.

அப்பா வந்தார்

அடுத்த முறை அப்பாவைக் கட்டாயம் அழைத்து வரச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தார். தோட்டத்து வேலை, முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்:

"என்னைத் தெரியலையா டாக்டர்? சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்க அய்யா என்னை இங்கதான் கூட்டிட்டு வந்தாரு. இதே கம்ப்ளெய்ன்ட்தான்."

சத்தியமாக எனக்கு நினைவில்லை. பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து, வைத்தியசாலை திறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது.

"நீங்க லேகியம் குடுத்தீங்க. இனிப்பா இருந்துச்சு, டப்பாவோட தின்னுட்டேன். அப்புறம் எங்க அய்யாகிட்ட சொன்னீங்க, அடியாத மாடு படியாதுன்னு."

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை அவர். நல்ல வைத்தியர் நல்ல புத்தி சொன்னார் என்ற மரியாதையோடுதான் சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. அந்த அய்யா அடித்தார். பையனை வீட்டுத் தூணில் கட்டி வைத்ததும் உண்டாம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரி கிளீனராகப் போனார், திருப்பூர் போனார், மூன்று மாதத்துக்கு மேல் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. இப்போது மகனை அவர் அடிக்கிறார், நான் எழுதிக் கொடுத்த அதே மருந்து!

இந்தக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதை அழுத்தமாகச் சொல்கின்றன. ஆகவே, பிள்ளையைக் கூட்டி வரும் அப்பாவோ அம்மாவோ, "நானும் சின்ன வயசுல இப்படித்தான், சரியாப் போகலையா?" என்று கேட்பது அடிக்கடி நடக்கும். தாயின் வளர்ப்பு சரியில்லை என்று மாமியார் வீட்டில் பேசுகிறார்களே, அவர்கள் தங்கள் மகனின் பால்யத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். அந்தப் பையனின் அப்பத்தாவும் மருமகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்!

அடி ஏன் பலிக்காது?

நாம் என்ன நினைக்கிறோம்? 'இவனுக்குத் தெரியல. வலிச்சாத்தான் புத்தி வரும்.' தப்பு இங்கேதான். பையனுக்குத் தெரியும். ரோட்டைத் திடீரென்று குறுக்கே கடக்கக் கூடாது என்று அவனைக் கேளுங்கள், அழகாகச் சொல்வான். தெரிந்ததை அந்த விநாடியில் செய்ய முடியவில்லை என்பதுதான் வியாதி. வண்டிக்கு எஞ்சின் பிரமாதம், பிரேக் மட்டும் பிடிக்கவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியை விளாரால் அடித்தால் நிற்குமா?

2007-ல் அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிறுவனம் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. மூளையின் மேலுறை ஒரு குறிப்பிட்ட வளர்ச்சியை எட்டுவது மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை வயதில். ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைகளுக்குப் பத்தரை வயதில். வளர்ச்சி கெட்டுப்போகவில்லை, மூன்று வருடம் தாமதம். அதிலும் கவனத்தையும் அடக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். அந்த அப்பாவிடம் இதைச் சொல்லி, "ஒன்பது வயசுப் பையன்னு நினைக்காதீங்க. அடக்கத்துல மட்டும் ஆறு வயசு. ஆறு வயசுப் பிள்ளையை இப்படி அடிப்பீங்களா?" என்றேன். ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

அடி அந்த நிமிஷத்துக்கு வேலை செய்வதுபோல் தெரியும். பயத்தில் பத்து நிமிடம் அடங்குவான். அதனால்தான் நமக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் அடிக்கும் அளவு ஏறிக்கொண்டே போகும், கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒரு தட்டு. பிறகு விளார். பிறகு பெல்ட். சில வீடுகளில் கரண்டியைக் காய்ச்சிச் சூடு. பிள்ளை கற்றுக்கொள்வது பொய் சொல்லவும், ஓடி ஒளியவும், தன்னைவிடச் சின்னவனை அடிக்கவும்தான்.

பள்ளிக்கூடத்தில் அடிப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி உடலையோ மனதையோ வருத்தும் தண்டனை கூடாது என்றார்கள். 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. "நல்லா நாலு போடுங்க சார், கண்ணை மட்டும் விட்டுடுங்க" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வரும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அப்படியானால் கண்டிக்கவே கூடாதா?

நன்றாகக் கண்டிக்கலாம். சொல்லப்போனால், மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்குத்தான் கட்டுப்பாடு அதிகம் தேவை. அடிக்காதே என்றால் அவிழ்த்துவிடு என்று அர்த்தமில்லை. கண்டிக்கும் விதம்தான் வேறு. நான் அந்த வீட்டுக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

முதலில், அடுப்படியிலிருந்து கத்துவதை நிறுத்துங்கள். "டேய் டிவியை நிறுத்திட்டு, கை கால் கழுவிட்டு, யூனிஃபார்மை மாத்திட்டு, ஹோம்வொர்க் எடுத்து வை!" இதில் நான்கு உத்தரவு இருக்கிறது. முதல் உத்தரவே அவன் காதில் ஏறியிருக்காது. அவன் பக்கத்தில் போங்கள். தோளில் கை வையுங்கள். முகம் பார்த்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "டிவியை நிறுத்து." சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். முடித்ததும் அடுத்தது. இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். கத்திக் கத்தி வீணாகிற நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இரண்டாவது, உடனே. இந்தப் பிள்ளைகளுக்கு 'நாளை' என்பது ரொம்ப தூரம். முழுப்பரீட்சையில் பாஸானால் சைக்கிள் என்பதெல்லாம் அவர்களுக்குக் காற்றில் எழுதியது மாதிரி. பரிசோ தண்டனையோ, சின்னதாக இருக்கட்டும், ஆனால் அப்போதே இருக்கட்டும்.

இதற்கு நான் சொன்ன வழி புளியங்கொட்டை. ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு படி புளியங்கொட்டை. நம் வீடுகளில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூன்றே மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்தோம். காலையில் கூப்பிட்டதும் எழுந்து பல் துலக்குவது, பள்ளியிலிருந்து வந்ததும் பையை ஆணியில் மாட்டுவது, வாய்க்கால் பக்கம் பெரியவர் துணையில்லாமல் போகாமல் இருப்பது. ஒவ்வொன்றையும் செய்த அந்த நிமிடமே ஒரு கொட்டை பாட்டிலில் விழும், 'டிங்'. அன்று சாயங்காலமே கணக்கு. மூன்று கொட்டைக்கு அப்பாவோடு சைக்கிளில் ஒரு ரவுண்டு. இரண்டுக்கு ஒரு கதை. வாரம் 15 சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்ட பலகாரம். போட்ட கொட்டையை எந்தக் காரணத்துக்காகவும் திருப்பி எடுக்கக் கூடாது, இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உழைத்துச் சம்பாதித்ததை நம்மிடமிருந்து யாராவது பிடுங்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

படித்தவர்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். புளியங்கொட்டைக்கு அதெல்லாம் தெரியாது.

மூன்றாவது, பாராட்டு. "நல்லவன்டா" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. "கூப்பிட்ட உடனே வந்துட்டியே, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்று, எதற்காக என்று தெரியும்படி சொல்ல வேண்டும். காலையிலிருந்து இரவு வரை இந்தப் பையன் காதில் விழும் வார்த்தைகளை ஒரு நாள் எண்ணிப் பார்க்கச் சொன்னேன் அந்த அம்மாவை. 'வேண்டாம், போடாதே, இறங்கு, சனியனே' என்பவை 60-க்கு மேல். நல்ல வார்த்தை ஒன்று. அதுவும் அவன் தூங்கிய பிறகு சொன்னது! எண்ணிவிட்டு வந்து அவரே அழுதார்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் சண்டை வேண்டாம். காலாட்டுவது, முணுமுணுப்பது, நின்றுகொண்டே சாப்பிடுவது, கண்டுகொள்ளாதீர்கள். பிறரை அடிப்பது, ஆபத்தான இடத்துக்குப் போவது, பொருளை வேண்டுமென்றே உடைப்பது, இவற்றுக்கு மட்டும் தண்டனை. என்ன தண்டனை? கூடத்தில் ஒரு பாய், அதில் தனியாக உட்கார வேண்டும். வயதுக்கு ஒரு நிமிடம், ஒன்பது வயதுக்கு ஒன்பது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அந்த நேரம் யாரும் பேசக் கூடாது, திட்டவும் கூடாது. முடிந்ததும் முடிந்ததுதான், பழசைக் கிளறாதீர்கள். அல்லது அன்றைக்கு மட்டும் டிவி கிடையாது. "ஒரு மாசம் கிரிக்கெட் கிடையாது" என்று கோபத்தில் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் மட்டையைக் கொடுத்தால் உங்கள் வார்த்தைக்கு விலை போய்விடும். சோற்றை நிறுத்துவது ஒருபோதும் கூடாது. இருட்டறையில் பூட்டுவதும் கூடாது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, வீட்டில் ஒரே சட்டம். அம்மா பாயில் உட்கார வைத்தால், "பச்சப்புள்ளைய இப்படிப் பண்றாளே" என்று அப்பத்தா போய்த் தூக்குவார். அப்பத்தா கண்டித்தால் அப்பா குறுக்கே வருவார். அதனால் அந்த வீட்டில் நான்கு பெரியவர்களையும் உட்கார வைத்துத்தான் பேசினேன். அப்பத்தா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "இதென்னய்யா கூத்து, பல் வெளக்குனதுக்குக் கூலியா?" என்றார். அவரையே புளியங்கொட்டைக் கணக்குப்பிள்ளை ஆக்கினேன். சரியாகிவிட்டது!

முதல் இரண்டு வாரம் நிலைமை மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். ஆனது. பழைய மாதிரி கத்தல் கிடைக்கிறதா என்று பையன் சோதித்துப் பார்த்தான். பலர் இந்த இடத்தில்தான், "இதெல்லாம் நம்ம புள்ளைக்குச் சரிப்படாது" என்று விளாரைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள்.

பாடத்துக்கு வருவோம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். 15 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் தெருக்கோடி வரை ஓட்டம், மறுபடி 15 நிமிடம். பள்ளியில் முதல் பெஞ்சு, ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி. நடுவில் கரும்பலகை துடைக்க, சாக்பீஸ் எடுத்து வர எழுப்பிவிடச் சொல்லுங்கள், நல்ல டீச்சர் புரிந்துகொள்வார். இந்தப் பையனுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார், அது அவன் அதிர்ஷ்டம்.

நீச்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள். யோசிக்காமல் குதிக்கிற பிள்ளை, கிணறும் வாய்க்காலும் உள்ள ஊர். மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு விபத்துகள் அதிகம். பெரியவர் துணையோடு முறையாகக் கற்றுக்கொடுங்கள். ஒலிம்பிக்கில் 23 தங்கம் உட்பட 28 பதக்கம் வாங்கினாரே அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ், அவருக்கு 9 வயதில் இந்தக் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். எதிலும் கவனம் செலுத்த இவனால் ஆகாது என்று ஒரு ஆசிரியை சொன்னாராம். எல்லாப் பிள்ளையும் ஃபெல்ப்ஸ் ஆகாது, அதற்காகச் சொல்லவில்லை. உயிரோடு கரையேறத் தெரிந்தால் போதும்.

சித்த மருத்துவத்தில் மருந்து இருக்கா?

இதைக் கேட்காத வாசகர் இருக்க மாட்டீர்கள். என் தொழிலை வைத்தே பதில் சொல்கிறேன். இதை முழுக்கக் குணப்படுத்தும் என்று நான் சத்தியம் செய்து கொடுக்கக்கூடிய சூரணமோ லேகியமோ என் அலமாரியில் இல்லை. இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். வல்லாரை, நீர்ப்பிரமி பற்றி நம் நூல்களில் உயர்வாகவே சொல்லியிருக்கிறது. நீர்ப்பிரமியை வைத்துச் சில சிறிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி மற்ற சிகிச்சையை விட்டுவிடும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. வல்லாரைத் துவையலைச் சோற்றோடு கொடுங்கள், துவையலாக. பாதரசம், கந்தகம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களைப் 'புத்தி கூர்மைக்கு' என்று யார் கொடுத்தாலும், படித்த வைத்தியரின் சீட்டு இல்லாமல் பிள்ளை வாயில் வைக்காதீர்கள்.

என்னால் செய்ய முடிந்ததைச் செய்தேன். பையனின் கண் இமையைக் கீழிறக்கிப் பார்த்தால் வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் சோகை. ராத்திரி வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்றார் அம்மா. தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் சோர்ந்து போகாது, துள்ளும். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். குடல்பூச்சி, காது கேட்பது, கண் பார்வை, திடீரென்று சில விநாடி வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு, இவையெல்லாம் ஏ.டி.ஹெச்.டி. போலவே வேஷம் போடும். முதலில் அவற்றைக் கழித்துவிட வேண்டும். சாப்பாட்டில் கேழ்வரகு, முருங்கைக் கீரை, முட்டை, நிலக்கடலை. வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். எண்ணெய் நோயைத் தீர்க்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா கையால் தேய்த்துவிட வேண்டும் என்று சொன்னேன். அந்தக் கை அந்த முதுகில் வேறு எதற்காகவாவது படட்டுமே என்றுதான்.

சர்க்கரை பற்றி ஒரு வேடிக்கை கேளுங்கள். 1994-ல் அமெரிக்காவில், இனிப்பு தின்றால் தங்கள் பிள்ளை ஆடுகிறது என்று நம்பிய அம்மாக்களில் பாதிப் பேரிடம், "பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். உண்மையில் எந்தப் பிள்ளைக்கும் துளிச் சர்க்கரை தரவில்லை! அப்படியும் அந்த அம்மாக்கள், "பார்த்தீங்களா, எப்படி ஆடுறான்" என்றார்கள். பிள்ளையை அதிகம் குறை சொன்னதும் அவர்கள்தான். மிட்டாயைக் குறையுங்கள், பல்லுக்காக. செயற்கை நிறமி சேர்த்த தின்பண்டம் விஷயம் வேறு. 2007-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக்குப் பிறகு சில நிறமிகளுக்கு ஐரோப்பாவில் 2010 முதல் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். பளபளவென்ற பாக்கெட்டுகளைத் தவிர்ப்பது நல்லது.

ஆங்கில மருத்துவத்தில் இதற்கு மாத்திரை உண்டு. மீத்தைல்ஃபெனிடேட், அட்டோமாக்செடின் என்று பெயர். முன்னதை விழுங்கினால் அன்றைக்கே வேலை செய்யும், சில மணி நேரம் நிற்கும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம். 6 வயதுக்குக் கீழ் என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி, மாத்திரை அப்புறம். பெரிய பிள்ளைகளுக்குத் தேவையென்றால் இரண்டும் சேர்ந்து. மனநல மருத்துவர் எழுதினால் மட்டுமே தர வேண்டும். 'சித்த வைத்தியரிடம் போகிறோம், மாத்திரையை நிறுத்திவிட்டோம்' என்று என்னிடம் வருகிறவர்களை நான் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

எங்கே போவது? ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்து, பிள்ளையை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நம் பக்கத்தில் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு கவனிக்க வேண்டிய பட்டியலில் இந்தக் கோளாறும் இருக்கிறது. 18 வயது வரை செலவில்லை. அந்தக் குழு வரும் நாளைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பிரிவு என்றதும் "என் புள்ளை பைத்தியமா?" என்று அந்த அப்பத்தா சண்டைக்கு வந்தார். நாமும் வெட்கப்படாமல் பதில் சொல்லப் பழக வேண்டும்: இல்லை, பைத்தியமில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடுவது மாதிரிதான் இது.

பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. சேட்டை நின்றுவிட்டதா? நிற்கவில்லை. போன மாதம் வந்தபோதும் எடை மெஷினில் ஏறினான். ஆனால், "ஏறவா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு ஏறினான். கணக்கில் 62 மார்க். பென்சில் டப்பா மாதம் ஒன்று தொலைகிறது. சோகை தேறிவிட்டது. அப்பா நடுவில் ஒரே ஒரு முறை கை நீட்டிவிட்டார், அதை அவரே வந்து சொன்னார். அன்று ராத்திரி பையன் அழுதானாம். அம்மா அதை நல்ல செய்தி போலச் சொன்னார். அது நல்ல செய்திதான் என்று நானும் நினைக்கிறேன்.

எல்லாரும் எழுந்து வெளியே போன பிறகு அப்பா மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் தராசைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"பெரியவங்களுக்கும் இது இருக்குமா டாக்டர்?"

இருக்கும், பலருக்கு வளர்ந்த பிறகும் தொடர்கிறது, அதற்கும் சிகிச்சை உண்டு என்றேன். எந்தக் கிழமை, எந்தப் பிரிவு, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே வந்தார், சீட்டைத் தொலைத்துவிட்டதாக. இன்னொன்று எழுதிக் கொடுத்தேன்.